சம்மனசு மீனுக்கு ஊற்றிய தண்ணீர்

டீச்சர்,

செம்புத் தவலை எட்டு நாளாகக் கறுத்துக்கொண்டு வருகிறது. தினம் காலையில் எழுந்ததும் புளியை ஊறவைக்கிறேன். தவலையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து அதன் முன்னால் உட்காருகிறேன். பிறகு தேய்க்காமலே தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன். நேற்று என் தம்பி பெண்டாட்டி, "என்னக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? தவலை இப்படிக் கறுத்துண்டு கெடக்கே" என்று கேட்டாள். புளித் தண்ணீரை வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தேன்.

என்னைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கை சும்மா இருக்காது. மடித்த புடவையை இன்னொரு தரம் மடிப்பேன், பெருக்கிய கூடத்தை மறுபடியும் பெருக்குவேன். ஆனால் இந்த எட்டு நாளாக இருப்பது அந்த மாதிரி இல்லை. பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால் மூன்றாவது தாளில் எழுந்துவிடுகிறேன். ஐப்பசி மழை ஓயாமல் கொட்டுகிறது, ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் சாரல் அடிக்கிறது. நானும் சாத்துவதும் திறப்பதுமாக இருக்கிறேன்.

பேச்சில் கடைசி வரையில் நாம் நீங்க, வாங்கதான். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த 'டீச்சர்' வீட்டிலும் டீச்சராகவே இருந்தது. உன் பெயரைச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் 'நீ' என்று வருகிறது. உன் மேல் கோபமாக இருக்கிறேன், அதனால்தான். எதற்குக் கோபம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போய்ச் சேர வழியில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

சாந்தோமில் அந்த வாதாம் மரத்து வீட்டில் நாம் சேர்ந்து குடியேறியபோது, உலகத்தில் இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடி கிடையாது என்று பள்ளிக்கூடமே பேசியது. நான் பன்னிரண்டு வயதில் தாலியை இழந்து, படித்து, வாத்தியார் வேலைக்கு வந்த மயிலாப்பூர்க்காரி. நீ கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்த மீனவர் குப்பத்துப் பெண். தலைமை ஆசிரியைதான், இரண்டு பேருக்கும் துணை வேண்டும், ஒரே வீட்டில் இருங்கள் என்று முடித்துவைத்தார். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு அடுப்பு. போன அன்றே நான் இரண்டு சட்டம் போட்டேன். மீன் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. என் செம்புத் தவலையை யாரும் தொடக் கூடாது.

நீ சிரித்தாய். "சரி டீச்சர். மீன் துன்னணும்னா அம்மா ஊட்டுக்குப் போய்க்கிறேன். எட்டிப் பாத்தா குப்பம் தெரியுது."

பள்ளிக்கூடத்தில் உன் தமிழ் அப்படியே அச்சுப் புத்தகம். படி தாண்டி வீட்டுக்குள் வந்தால்தான் இன்னாவும் கீதுவும் வரும். எனக்கு அது முதலில் காதில் உறுத்தியது. பிறகு பள்ளிக்கூடத்தில் நீ பேசுவதுதான் வேறு யாரோ பேசுவது போல் இருந்தது.

அடுத்த வருஷம் உன் தம்பி வந்தான். கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். கோணி சுற்றிய மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிறவன் போல அடிமேல் அடி வைத்து வந்தான். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. ஜெர்மனியில் ஏதோ துறைமுகத்தில் ஆறு வாங்கினானாம். வழியில் மூன்று போய், மீதி மூன்று சென்னைப் பட்டணம் வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் பாதி அளவு, தட்டையாக, வெள்ளியில் கறுப்புப் பட்டை அடித்தது போல் இருந்தன. மேலும் கீழும் துடுப்புகள் இறக்கை மாதிரி நீண்டிருந்தன. ஏஞ்சல் மீன் என்று விற்றார்களாம். "சம்மனசு மீனுக்கா" என்று உன்னிடம் கொடுத்தான். சம்மனசு என்றால் தேவதூதர் என்று உங்கள் மாதா கோயில் பாஷையை நீதான் எனக்கு விளக்கினாய்.

நான் வாசற்படியிலேயே நின்றேன். "மீன் உள்ள வரப்படாதுன்னு சொல்லியிருக்கேனோல்லியோ?"

"நீங்க சொன்னது கொழம்பு மீன் டீச்சர். இது சம்மனசு. சம்மனச வாசல்ல நிக்க வெப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவளால் சட்டம் பேச முடியாது. மீன் உள்ளே வந்தது.

அதற்கப்புறம் நீ பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். லஸ் பக்கம் படத்துக்குச் சட்டம் போடும் சாயபுவிடம் சொல்லி, இரும்புச் சட்டத்தில் நான்கு பக்கம் கண்ணாடி வைத்து, அடியில் கடப்பைக் கல் போட்டு ஒரு தொட்டி செய்தாய். மூன்று தடவை ஒழுகியது. மூன்று தடவையும் அதை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு போனாய். மணலுக்குக் கடற்கரை இரண்டு அடி தூரத்தில் இருந்தும் அதை எடுக்கவில்லை. என்னிடம் எலுமிச்சம்பழம் ஒன்று கேட்டு வாங்கி, ஒரு பிடி கடல் மணலில் பிழிந்து காட்டினாய். புஸ்ஸென்று நுரைத்தது. "சிப்பித் தூளு டீச்சர். தண்ணியக் கெட்டியாக்கிடும். இதுங்களுக்கு ஆவாது." ஆற்று மணல் தேடி எங்கோ போய் ஒரு கூடை கொண்டுவந்தாய். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் ஓட்டு விளிம்பில் தகரத் தூம்பு வைத்து, மழைத் தண்ணீரை மண்பானைகளில் பிடித்தாய்.

இத்தனை செய்தும் மீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடந்தன. பட்டையெல்லாம் வெளுத்துவிட்டது, எதையும் தின்னவில்லை. நான் ஜெயித்தது போல நடந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் உன் தம்பி, கப்பலேறுவதற்கு முதல் நாள், அந்த மீனின் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டுவந்ததைச் சொன்னான். தென்னமெரிக்காவில் பெரிய காடாம். மழையில் காட்டுக்குள்ளேயே ஆறு ஏறிவிடுமாம். இலை விழுந்து விழுந்து ஊறி, தண்ணீர் பால் விடாத டீ மாதிரி இருக்குமாம். அந்த இருட்டில்தான் இது நீந்துமாம்.

நீ ஜன்னல் வழியே வாதாம் மரத்தைப் பார்த்தாய். அதுதான் தினம் என் உயிரை வாங்கும் மரம். பெருக்கப் பெருக்கச் சிவப்புச் சிவப்பாக இலை கொட்டும். நீ கீழே விழுந்து காய்ந்த இலைகளாகப் பொறுக்கிக் கழுவி, சுடுதண்ணீரில் ஊறவைத்தாய். "டீச்சர், உங்க காப்பி பில்டரக் கொஞ்சம் குடுங்களேன். வடிகட்டித் தர்றேன்." நான் போட்ட சத்தத்தில் உன் தம்பி வெளியே ஓடிவிட்டான். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாய். கண்ணாடித் தொட்டியில் ஊற்றினாய், இன்னும் நாலு இலையை அப்படியே மிதக்கவிட்டாய். சாயங்காலத்துக்குள் தொட்டி முழுவதும் இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது, ஆத்துக்குள்ள சாக்கடையக் கொண்டுவந்து வெச்சுண்டு!"

"சாக்கடை இல்ல டீச்சர். ஆறு."

நாலாம் நாள் மூன்றும் மூலையை விட்டு நடுவுக்கு வந்தன. பட்டைகள் மைக் கறுப்பாகத் திரும்பியிருந்தன. அந்தப் பழுப்புத் தண்ணீரில் அவை திரும்பும்போது வெள்ளி ஒரு தரம் மின்னி அடங்கும். நான் மோர் கடைகிற மத்தைக் கையில் வைத்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உன் அம்மா மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தாள். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இத்த இன்னாத்துக்குடி வளக்கிற? வறுக்கவும் ஆவாது, கொழம்புக்கும் ஆவாது. முள்ளுதான் கீது" என்றாள். ஆனாலும் போகும்போது இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

எனக்குத் தொட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. மிதக்கிற இலையை நேராக்குவேன். கண்ணாடியில் படிந்த பாசியை விரலால் வழிப்பேன். கீழே ஒரு கூழாங்கல் கோணலாக இருந்தால் முழங்கை வரை கையை விட்டு நிமிர்த்துவேன். நீ தாள் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்வாய்: "கைய வெளிய எடுங்க டீச்சர்." ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது இதைச் சொல்லியிருப்பாய்.

ஒரு வருஷம் கழித்து அந்தக் காகிதம் வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு உன் தம்பி இறந்துபோனான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கப்பல் கம்பெனியிலிருந்து நான்கு வரி. இங்கிலீஷில் இருந்த அதை உன் அம்மாவுக்கு நீதான் தமிழில் சொன்னாய். நான் கூடவே நின்றேன். அவனுடைய பெட்டிகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாய். "அவன் கையால குடுத்தது இதுங்கதான் டீச்சர் மிச்சம்" என்றாய். அன்றைக்கு நான் தொட்டியில் கை விடவில்லை.

அதன் பிறகு உனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. மூன்றில் இரண்டு ஜோடி சேர்ந்தன. மூன்றாவதை, வால் பக்கம் துடுப்பு கிழிந்த அந்தச் சின்னதை, இரண்டும் துரத்திக் குத்தின. அதை நீ ஒரு மண் தொட்டிக்கு மாற்றினாய். உடைந்த சிலேட்டுப் பலகை ஒன்றைக் கண்ணாடித் தொட்டிக்குள் சாய்த்துவைத்தாய். அதன்மேல் முட்டை வைத்தன. மறுநாளே தின்றுவிட்டன. இரண்டாம் தடவையும் வைத்துத் தின்றன. அந்தத் தடவை காரணம் நான்தான். பார்க்க வேண்டும் என்று, நீ போட்டிருந்த திரைத் துணியைத் தூக்கினேன். நீ கோபிக்கவில்லை. "ஒரு குஞ்சாவது பொழைக்கணும் டீச்சர். ஒண்ணு போதும். அவன் கொண்டாந்தது இந்த ஊர்ல தங்கிடுச்சின்னு இருக்கும்" என்று மட்டும் சொன்னாய்.

ஆவணியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனாய். தம்பிக்குப் பூசை வைக்க வேண்டும் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு எழும்பூரில் ரயிலேறினாய். பத்து நாள். எனக்கு மூன்று சட்டம். தினம் ஒரு கரண்டி கொசுப்புழு போட வேண்டும். தண்ணீர் வற்றினால் மண்பானை மழைத் தண்ணீரை விட வேண்டும், ஒரு சொம்புக்கு மேல் வேண்டாம். மூன்றாவதை நீ சொல்லவே வேண்டியிருக்கவில்லை, நானே சொன்னேன்: "கை விடமாட்டேன்." ஜட்கா வண்டியில் ஏறின பிறகும் எட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

மூன்று நாள் ஒழுங்காக இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு புழுவைப் போட்டேன். நாலாம் நாள் மத்தியானம் சிலேட்டின்மேல் முட்டை இருந்தது. கசகசாவை விடக் கொஞ்சம் பெரிதாக, வரிசை வரிசையாக, நம் பிள்ளைகள் சிலேட்டில் புள்ளி வைத்தது போல. இரண்டும் பக்கத்தில் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. எனக்குக் கை கால் ஓடவில்லை. உனக்குத் தந்தி அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். தின்றுவிடுமோ என்று விடியும்வரை தூங்கவில்லை. தின்னவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் ஓரிரண்டு முட்டை வெளுத்திருந்தது. தண்ணீரும் எனக்கு முன்னைவிட அழுக்காகத் தோன்றியது. மண்பானையில் பார்த்தேன், ஒரே புழு. பிள்ளை பிறக்கப்போகும் அறையை நம் வீடுகளில் எப்படி மெழுகி வைப்பார்கள்! இத்தனை குழந்தைகள் இந்தக் கஷாயத்திலா கண் திறக்க வேண்டும் என்று எனக்குத் தாங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. என் தவலையைப் புளி போட்டுத் தங்கம் மாதிரி தேய்த்து முற்றத்தில் வைத்திருந்தேன், வழிய வழிய நிறைந்திருந்தது. அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்தப் பட்டணத்தில் கிடையாது. யாரையும் தொடவிடாத தண்ணீர். தொட்டியிலிருந்து பாதியைச் சொம்பு சொம்பாக மொண்டு எடுத்துவிட்டுத் தவலைத் தண்ணீரை ஊற்றினேன். கையும் விட்டேன். சிலேட்டைச் சுற்றியிருந்த மக்கின இலைகளை எடுத்துப் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, டீச்சர். அதையும் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் பிள்ளைப்பேறு என்று ஒன்றுக்கு நான் செய்த பணிவிடை அது ஒன்றுதான்.

சாயங்காலம் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலையில் ஆண் கீழே சாய்ந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் பெண்ணும். முட்டையெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துப் பஞ்சு பூத்துவிட்டது.

வாதாம் மரத்தடியில் புதைத்தேன். பிறகு நான் செய்ததுதான் அசிங்கம். வெளிறிப்போன தண்ணீரைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடுமே என்று, பத்து இலையைப் பொறுக்கி உள்ளே திணித்தேன். நீ வருவதற்குள் தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

நீ மொட்டைத் தலையோடு வந்தாய். வேண்டுதல் என்று முடி கொடுத்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "முட்டை வெச்சுது டீச்சர். ஆனா என்ன ஆச்சோ தெரியலை, தானாவே போயிடுத்து. நான் தொடவே இல்லை. உங்க மேல ஆணையாத் தொடலை."

நீ தொட்டியருகில் போனாய். அப்புறம் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டாய். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கடலோரத்துப் பழக்கம் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க இன்னா பண்ணுவீங்க டீச்சர். நல்ல தண்ணிதான்" என்றாய். உன் கண் நிறைந்திருந்தது. எனக்கோ பிழைத்தோம் என்று இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கம் தாங்காமல்தான், ரயிலில் வந்தவள் தாகமாக இருப்பாய் என்று, என் தவலையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு உன்னிடம் நீட்டினேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. நீ சொம்பைப் பார்த்தாய், தவலையைப் பார்த்தாய். வாங்கினாய். உதடு படாமல் தூக்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தாய். மறுநாள் அந்தக் கண்ணாடித் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாக மொண்டு கொட்டினாய். ஏன் கொட்டுகிறீர்கள் என்றதற்கு, "செத்த தண்ணி டீச்சர்" என்றாய். மண்பானைத் தண்ணீரும் புது இலையும் போட்டு, அந்தக் கிழிந்த துடுப்புக்காரனைக் கொண்டுவந்து விட்டாய். "இனிமே மீனுக்கு மண்பானைத் தண்ணி. செம்புத் தண்ணி நமக்கு" என்றாய். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். என் தண்ணீரை நீ 'நமக்கு' என்று சொன்னாயே என்று.

ஒன்றரை வருஷம் தினமும் அந்தத் தவலைத் தண்ணீரைத்தான் குடித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு சொம்பு, சாப்பாட்டுக்கு ஒரு சொம்பு. சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை வாயெடுத்தேன். அடுத்த மாதம் சொல்லலாம், பெரிய பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு உனக்கு டைபாய்டு வந்தது. கடைசி வாரத்தில் தலையைத் தூக்க முடியாமல் நீ படுத்திருந்தபோது, சொம்பை உன் உதட்டிலேயே வைத்துக் கொடுத்தேன். அந்தச் சொம்பை நான் தனியாக ஒதுக்கவில்லை. அதை நீ கவனித்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் மீனைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று, எங்கள் பெண்கள் போகிற இடமில்லை என்று கல்லறை வாசலோடு நின்றுவிட்டேன்.

பிறகு என் தம்பி கட்டின தியாகராய நகர் வீட்டுக்கு வந்தேன். ஏரியைத் தூர்த்துப் போட்ட தெருக்கள் இவை. "ஏரி மேல ஊடு கட்டிக்கினு, மீன் வேணாங்கறாங்க பாரு உங்க தம்பி" என்று நீ கிண்டல் செய்த அதே வீடு. கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில் வைக்கக் கூடாது என்று சண்டை. வைத்தேன். கிழிந்த துடுப்புக்காரன் இங்கே அந்தப் பழுப்புத் தண்ணீரில் தனியாக உலவுகிறான். வாதாம் இலைக்கு மூன்று தெரு தள்ளிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன். நாலாம் பாரம் டீச்சர் குப்பை பொறுக்குகிறாள் என்று பெண்கள் சிரிக்கிறார்கள்.

மாதம் ஒரு தடவை உன் அம்மா வருகிறாள். மாம்பலம் பக்கம் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையைக் கொல்லைப்பக்கம் கவிழ்த்துவிட்டு, நேராகத் தொட்டி முன்னால் வந்து உட்காருவாள். என் தம்பி பெண்டாட்டி முதலில் முகத்தைச் சுளித்தாள், இப்போது அவளே மணை எடுத்துப் போடுகிறாள். எட்டு நாளைக்கு முன்னால் அப்படி வந்தவளுக்குத் தவலையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். தவலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தச் செம்புத் தவலதானே டீச்சரம்மா அது? அந்த ஜோடி மீன சாவடிச்சது?"

"யார் சொன்னா?" என்றேன்.

"எம்பொண்ணுதான். ஊர்லேந்து வந்த அன்னிக்கே சொல்லிக்கினா. நாக்குல வச்சாளாம், செம்பு வாசன வந்துச்சாம். செம்புல எறா போட்டா ஒரு நாழி தாங்காது, எங்க குப்பத்துல கொயந்தைக்கும் தெரியும். உனுக்கு எப்படித் தெரியும்? நீ மீன எங்க கண்ட?"

"அப்புறம் ஏன் எங்கிட்டக் கேக்கலை அவ?"

"நான் கேக்கறேன்னுதான் கெளம்பனேன். என் புள்ள கொண்டாந்த மீனாச்சே, வவுறு எரிஞ்சிது. அவதான் கையப் புடிச்சி இஸ்து உக்கார வச்சா. 'சும்மா இரும்மா. யாரையும் தொட உடமாட்டாங்க அந்தத் தவலைய. அந்தத் தண்ணியவே மீனுக்கு ஊத்திகீறாங்க. அதப் போயி எப்படிக் கேக்கறது'ன்னா." பாக்கித் தண்ணீரையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள். "உடு டீச்சரம்மா. அழுவாத. அவளுக்குத் தெரியும்னு இத்தினி நாளு உனுக்குத் தெரியாதுன்னு எனுக்குத் தெரியாது."

இப்போது புரிகிறதா, எதற்குக் கோபம் என்று? ஒன்றரை வருஷம். ஒரே கூரையின் கீழ், தினம் இரண்டு வேளை, உன் தம்பியின் மீனைக் கொன்ற தவலையிலிருந்து நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நீ தெரிந்தே வாங்கிக் குடித்தாய். உன் மேல் ஆணையாக நான் பொய் சொன்னேன் என்றும் தெரிந்தே குடித்தாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "தவலைத் தண்ணி ஊத்துனீங்களா டீச்சர்?" என்று கேட்டிருந்தால் நான் உன் காலடியில் உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பேன். கையை எடுங்கள் என்று தினம் இரண்டு தடவை சொல்லத் தெரிந்தவளுக்கு இதைக் கேட்கத் தெரியவில்லையா? எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டு, அதைக் கொடுத்தாய் என்பதை மட்டும் எனக்குச் சொல்லாமல் போய்விட்டாய். எட்டு நாளாக இந்த வீட்டுக்குள் நடந்து நடந்து உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். என் பக்கம் நியாயம் ஒன்றும் நிற்கவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாகிறது.

போகும்போது உன் அம்மா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளு. மொத நாளே போயி கல்லக் கயுவி வப்போம். எனக்கு முட்டி குனிய மாட்டேங்குது. நீ வரியா?"

நாளைக்குத்தான் அந்த முதல் நாள்.

இதை எழுதும்போதே எழுந்து போய்ப் புளியைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக ஊறியிருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்துவைத்துவிட்டுத் தவலையைத் தேய்க்கப் போகிறேன், அன்றைக்குத் தேய்த்த மாதிரியே. காலையில் தண்ணீர் நிரப்பி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு சாந்தோம் வருவேன். இந்தத் தடவை வாசலோடு நிற்க மாட்டேன். நான்தான் ஊற்றினேன் டீச்சர் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு முதல் சொம்பை உன் கல்லின்மேல் ஊற்றுவேன்.

தேங்காய் நாரும் கொண்டுவருகிறேன். ஒரு வருஷத்து மழையில் கல்லில் பாசி பிடித்திருக்கும், எழுத்துக்குள்ளெல்லாம் மண் அடைத்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிடுவேன். நடுவில் ஒரு நிமிஷம் கையை நிறுத்துவேன். கையை எடுக்கச் சொல்லி ஒரு குரலும் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்திப் பார்ப்பேன்.